கருவி கொடுத்தோம்... கற்கக் கற்றுக்கொடுத்தோமா?

இணையவழிப் படிப்பில் கல்லூரி மாணவரின் மனம் ஒன்றுவதற்கு டேட்டாவும் மடிக்கணினியும் போதுமா? திண்டுக்கல் அருகேயுள்ள ஆத்தூர் வட்டார மாணவர்களை முன்வைத்து ஓர் அலசல்.

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கிடைக்கும் என்றது அது. கொரோனா பொதுமுடக்கத்தால் வகுப்பறைகள் பல மாதங்கள் பூட்டிக் கிடந்த நேரத்தில் அந்த உதவி மிகவும் தேவைப்பட்டது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18ல் எடுத்த கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு நான்கு வீடுகளில்தான் கணினி இருந்தது. இணைய வசதி இருந்தவை ஏறக்குறைய 15 வீடுகள். அப்படிப்பட்ட நாட்டில் முதலில் டேட்டாவைக் கொடு என்பது சரியான முடிவே. ஆனால் டேட்டா வந்த பிறகும் இணைய வகுப்புகளின் முகம் பெரிதாக மாறிவிடவில்லை. திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன, கேமரா அணைந்திருந்தது, மைக் மியூட்டில் இருந்தது. ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் வர நேரமானது, பல வகுப்புகளில் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த மாணவர் பாடத்தில் இருந்தாரா என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை.

அது பேரிடர்க் காலத்துப் பிரச்சினை, கல்லூரிகள் திறந்ததும் முடிந்துபோயிற்று என்று நினைத்தால் தவறு. ஒரு பருவத்தில் மாணவர் எடுக்கும் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ இணையப் பாடத் தளத்தில் படித்துப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021ல் விதியைத் தளர்த்தியது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகளிலும் இணையவழிப் படிப்புகள் இடம்பெற்றுள்ளன. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்க 2,000 கோடி ரூபாய் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஆக, இணையவழிப் படிப்பு இன்று அவசரக் கால மாற்று ஏற்பாடு என்ற நிலையைத் தாண்டி, வழக்கமான பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. இந்த நேரத்தில் நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இணையத்தில் படிக்க நம் மாணவர்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு யாருடையது? அது கல்லூரியுடையது, முதல் பருவத்திலேயே பாடமாகச் சொல்லித்தர வேண்டியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தயார்நிலை என்றால் என்ன?

கைபேசியைச் சரளமாகப் பயன்படுத்தும் பிள்ளை இணையப் படிப்புக்குத் தயார் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆய்வுகள் வேறு சொல்கின்றன. தைவானில் மின்-லிங் ஹங் என்பவரும் அவருடைய குழுவினரும் 1,051 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010ல் வெளியானது. இணையக் கல்விக்கான தயார்நிலையை அவர்கள் ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். கணினியையும் இணையத்தையும் கையாளும் தன்னம்பிக்கை, இணையத்தில் தயங்காமல் பேசவும் எழுதவும் முடிவது, படிக்க வேண்டும் என்ற ஊக்கம், தானே திட்டமிட்டுப் படிப்பது, கவனம் சிதறாமல் தன் படிப்பைத் தன் கட்டுக்குள் வைத்திருப்பது ஆகியவை அந்த ஐந்து. முதல் மூன்றிலும் மாணவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பின்தங்கியது கடைசி இரண்டில். முதலாண்டு மாணவர்களைவிட மூத்த மாணவர்கள் கூடுதல் தயார்நிலையில் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. கல்லூரியில் கழிந்த காலம் தயார்நிலையைக் கூட்டியிருக்கக்கூடும் என்றால், அது பிறவியோடு வருவதாக இருக்க முடியாது.

ஈடுபாட்டுக்கும் இதுபோல ஒரு பகுப்பு உண்டு. ஜெனிஃபர் ஃப்ரெட்ரிக்ஸ், ஃபில்லிஸ் புளூமன்ஃபெல்ட், அலிசன் பாரிஸ் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2004ல் எழுதிய கட்டுரை மாணவர் ஈடுபாட்டைச் செயல், உணர்வு, சிந்தனை என்று மூன்றாகப் பார்த்தது. வகுப்புக்கு வருவதும் அசைன்மென்ட் முடிப்பதும் செயல் ஈடுபாடு. பாடத்தின் மீது, ஆசிரியர் மீது, உடன் படிப்பவர்கள் மீது ஒட்டுதல் இருப்பது உணர்வு ஈடுபாடு. புரியாததை விடாமல் பிடித்து, தெரிந்ததோடு பொருத்திப் பார்த்து, தானாக மேலும் தேடுவது சிந்தனை ஈடுபாடு. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிரச்சினையின் இடம் தெளிவாகிறது. கணினித் திறன் மாணவரை லாகின் செய்ய வைக்கும், வீடியோவை ஓடவிட வைக்கும், விடைத்தாளை அப்லோட் செய்ய வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. கூச்சமின்றிக் கேட்கவும் எழுதவும் முடிகிற மாணவருக்குத்தான் வகுப்போடு ஒட்டுதல் வரும். தானே திட்டமிடத் தெரிந்தவருக்குத்தான் பாடம் தலைக்குள் இறங்கும். நாம் கோடிகளைச் செலவிடுவது முதல் படிக்கு. பிள்ளைகள் தடுக்கி விழுவதோ மேற்படிகளில்.

ஆத்தூர் மாணவர் கொண்டுவருவது

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனி மலையடிவாரத்தில் காமராஜர் அணையை ஒட்டிய ஆத்தூரும், நெசவுக்குப் பெயர்போன சின்னாளப்பட்டியும், தென்னந்தோப்புகள் சூழ்ந்த அய்யம்பாளையமும், மேலே மலையில் ஆடலூரும் பன்றிமலையும் சேர்ந்த இந்தப் பகுதியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி வாசலை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டதில் தமிழ்நாடு பெருமைப்பட உரிமை உண்டு. வாசல் தாண்டி உள்ளே வந்தவருக்கு அடுத்து என்ன தேவை என்பதை யோசிக்க வேண்டிய கடமையும் அந்தப் பெருமையோடு சேர்ந்தே வருகிறது.

பள்ளியில் இவர்களுடைய படிப்பை முழுக்க நிர்வகித்தவர்கள் பிறர். எந்தக் கேள்வி முக்கியம் என்று ஆசிரியர் சொன்னார். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், நடுவில் மனப்பாடம் ஒப்புவிப்பது என்று பிளஸ் டூ வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். அந்த முறை இவர்களைத் தேர்ச்சி பெற வைத்தது, அதைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் தன் நேரத்தைத் தானே பிரித்துப் படிக்கும் பழக்கத்தை அது வளர்க்கவில்லை. இணையப் படிப்பு கேட்பதோ அந்தப் பழக்கத்தைத்தான். பன்னிரண்டு வாரப் பாடத்தில் எந்த நாள் எந்த வீடியோ, புரியாவிட்டால் யாரிடம் போவது, எவ்வளவு படித்தால் போதும் என்பதையெல்லாம் மாணவரே தீர்மானிக்க வேண்டும். பதினேழு வயதுவரை ஒருமுறைகூட அந்தப் பொறுப்பைத் தராமல் வளர்த்துவிட்டு, பதினெட்டாவது வயதில் திடீரென்று முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது.

தைவான் பட்டியலில் இல்லாத இரண்டு கூறுகளையும் இங்கே சேர்த்தாக வேண்டும். முதலாவது மொழி. தமிழ்வழியில் படித்து வந்தவர் ‘ஸ்வயம்’ பாடங்களில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில்தான் கேட்கிறார். வகுப்பறையில் பேராசிரியர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டு உடனே தமிழில் விளக்குவார். மாணவர் முகம் சுருங்கினால் இன்னொரு முறை வேறு விதமாகச் சொல்வார். பதிவுசெய்த வீடியோவுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. இரண்டாவது இடம். நெசவும் சாயமும் வீட்டோடு கலந்த சின்னாளப்பட்டியிலும், தோட்ட வேலைக்கு அதிகாலையிலேயே கிளம்பும் வீடுகளிலும் படிப்பதற்கென்று தனி அறை இருப்பது அரிது. மாணவி என்றால் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் வகுப்பு நேரத்துக்குள் வந்து விழும். கல்லூரியில் இருக்கும் ஐந்து மணி நேரமும் அந்தப் பெண் மாணவி. வீட்டிலிருந்து படிக்கும்போது அந்த ஐந்து மணி நேரமும் பறிபோகிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் அவள் ஈடுபாடு காட்டவில்லை என்று சொன்னால், அவளுடைய சூழலை அவளுடைய குணமாகத் திரித்துவிடுகிறோம்.

சான்றுகள் காட்டும் பாதை

தயார்நிலை குறைந்தவரை இணையம் எப்படி நடத்துகிறது என்பதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் ஏறத்தாழ 40,000 மாணவர்கள் எடுத்த 5 லட்சம் பாடங்களின் பதிவை டி ஷூ, ஷானா ஜேகர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். நேரடி வகுப்போடு ஒப்பிட்டால் இணைய வகுப்பில் எல்லா வகை மாணவர்களும் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் பின்தங்கவில்லை. ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள், வயதில் இளையவர்கள், ஆண்கள், கறுப்பின மாணவர்கள் ஆகியோருக்குச் சறுக்கல் கூடுதலாக இருந்தது. நேரடி வகுப்பிலேயே இருந்த இடைவெளி இணையத்தில் இன்னும் அகன்றது. இணையம் எல்லோருக்கும் ஒரே வீடியோவைத் தருவதால் அது சமத்துவமானது என்ற நம்பிக்கையை இந்த முடிவு அசைக்கிறது. நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதில் உள்ள எச்சரிக்கையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சான்று, ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச இணையப் பாடங்களைப் பற்றியது. ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ்-வாலியன்டே ஆகியோர் 2019ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபடி, 2017-18ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சும்மா எட்டிப் பார்க்கப் பதிவு செய்தவர்களும் அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களிலும் முடித்தவர்கள் 46 விழுக்காடுதான். பணமும் நோக்கமும் இருந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். தலைசிறந்த பேராசிரியர்கள், தரமான வீடியோக்கள், இலவச அனுமதி என எல்லாம் இருந்தும் இந்த நிலை. மடை திறந்துவிட்டால் போதாது, பாத்தி கட்டிய வயலில்தான் தண்ணீர் பயிரின் வேருக்குப் போகும் என்பது அணைப் பாசனத்தில் வாழும் ஆத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். டேட்டா அந்தத் தண்ணீர் என்றால், திட்டமிட்டுப் படிக்கும் பழக்கமே பாத்தி.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. தயார்நிலைக்கும் ஈடுபாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவரிடமே கேட்டு நிரப்பிய வினாத்தாள்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை இரண்டு கேள்விக்கும் நல்ல விடையே எழுதும், அதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்வி. ஈடுபாடு வந்த பிறகு தயார்நிலை வளர்வதும் நடக்கும். ஒரு பாடத்தை வெற்றிகரமாக முடித்தவருக்கு அடுத்த பாடத்தில் தன்னம்பிக்கை கூடுமல்லவா? ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றால், தொடக்கத்தில் பின்தங்கியவர் மேலும் மேலும் பின்தங்குவார் என்பதும் அதே தர்க்கத்தில் அடங்கியிருக்கிறது. அந்தச் சுழலுக்குள் கல்லூரி எங்காவது ஓரிடத்தில் கைவைத்தே ஆகவேண்டும். முதல் பருவத்தைவிட நல்ல இடம் வேறில்லை.

இரண்டாவது மறுப்பு, கல்லூரி மாணவர் வயது வந்தவர், தன் படிப்புக்குத் தானே பொறுப்பு என்பது. பொறுப்பு அவருடையதுதான். அதை நிறைவேற்றும் திறமை பழகிப் பெறுவது. ஒரு வழிகாட்டிக் கூட்டம் நடத்தினாலோ ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலோ அந்தத் திறமை வந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு பெரிய பரிசோதனை பதில் சொல்லியிருக்கிறது. ரெனே கிசில்செக் தலைமையிலான குழு ஏறக்குறைய 250 இணையப் பாடங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறு சிறு தூண்டல்களைச் சோதித்து 2020ல் முடிவை வெளியிட்டது. எப்போது, எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே எழுதச் சொன்னதால் முதல் சில வாரங்களில் ஈடுபாடு கொஞ்சம் கூடியது. பாடத்தை முடிப்போர் எண்ணிக்கையில் அது பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஒருநாள் உபதேசத்தால் பழக்கம் உருவாகாது, வாராவாரம் உடன்நிற்கும் ஆள் தேவை என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

கண்டிப்பு போதும், கேமராவைப் போடச் சொல்லுங்கள், வருகையைக் கறாராக எடுங்கள் என்பது மூன்றாவது குரல். கண்காணிப்பால் உடலைத் திரைக்கு முன் நிறுத்தலாம், மனத்தை நிறுத்த முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு நடத்திய இணையத் தேர்வின் முடிவுகள் மாணவர்களிடையே பெரும் அதிருப்தியைக் கிளப்பின. அந்த ஆண்டு மே மாதத்தில் மறுதேர்வு அறிவிக்கும் நிலை வந்தது. ஏழை மாணவருக்கு நேரடி வகுப்பே போதும், இணையமே வேண்டாம் என்பது நான்காவது குரல். இதில் அக்கறை இருக்கிறது. ஆனால் மில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பும் பெண்ணுக்கும், திருமணத்தோடு படிப்பு நின்றுபோனவருக்கும், தன் கல்லூரியில் இல்லாத பாடத்தைத் தேடும் மாணவருக்கும் இணையம் உண்மையான வாய்ப்பு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும்போது இவர்களை மட்டும் விலக்கி வைப்பது பாதுகாப்பாகாது.

ஆத்தூர் வட்டாரத்தின் பாடம்

புதியதொன்றை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்று ஆத்தூர் வட்டாரம் ஏற்கெனவே உலகுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. காந்திகிராமத்தில் 1959ல் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம், குடும்ப நலப் பணிக்கு ஆத்தூர் வட்டாரத்தையே களமாக எடுத்துக்கொண்டது. கருத்தடைச் சாதனங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் மட்டும் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு ஊரிலும் மக்கள் மதிக்கும் ஆண்களையும் பெண்களையும் கண்டறிந்து, பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகப் பேசியது. அடுத்த பத்தாண்டில் அங்கே பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. மக்கள் தயாராக இல்லை என்று அந்தப் பணியாளர்கள் கைவிரித்திருந்தால் அது நடந்திருக்காது. மக்களைத் தயார்ப்படுத்துவதையே திட்டத்தின் பாதி வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

அதே மண்ணில், டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் உருவாக்கிய காந்திகிராமம் 1956ல் கிராமியக் கல்வி நிறுவனமாக விரிந்து, 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. காந்தியின் ஆதாரக் கல்விதான் அதன் அடிப்படை. கையால் செய்து, ஊரோடு பழகி, தன் காலில் நின்று கற்பது என்பது அந்தக் கொள்கையின் சாரம். கிராமத்தில் தங்கிச் செய்யும் களப்பணியைப் படிப்பின் பகுதியாக வைத்திருக்கும் நிறுவனம் அது. இணையக் கல்வியும் இந்த மரபும் எதிரெதிர் என்று தோன்றலாம். ஆனால் தானே கற்கும் மனிதரை உருவாக்குவதே இரண்டுக்கும் இலக்கு. புள்ளியியல் பாடத்தை வீடியோவில் கேட்ட மாணவர் அந்த வாரமே தன் ஊரில் இருபது வீடுகளின் தண்ணீர்ச் செலவைக் கணக்கெடுத்து வரட்டும். அப்போது அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சியை நடத்த ‘தீக்ஷாரம்ப்’ என்ற வழிகாட்டியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே தந்துவிட்டது. வரவேற்புரைகளிலும் சொற்பொழிவுகளிலும் கரையும் அந்த நாட்களில் சிலவற்றை இணையத்தில் படிக்கப் பழகுவதற்கு ஒதுக்கலாம். ஒரு வாரத்துக்கான படிப்பைத் திட்டமிடுவது, வீடியோ பார்த்துக் குறிப்பெடுப்பது, புரியாததை ஒரு கேள்வியாக எழுதுவது என மூன்று பழக்கங்களில் தொடங்கினால் போதும். அதன் பிறகு முதல் பருவம் முழுவதும் ஒரே ஒரு பாடத்தை இணையவழியில் வைத்து, பத்துப் பதினைந்து மாணவருக்கு ஒரு மூத்த மாணவர் என்று துணை கொடுத்து, வாரம் ஒருமுறை நேரில் கூட வைக்கலாம். மூத்த மாணவர்கள் கூடுதல் தயார்நிலையில் இருப்பதாகத் தைவான் ஆய்வு சொன்னதை இங்கே பயனுள்ளதாக மாற்றிக்கொள்ள முடியும். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளை வைத்து, வாராந்திர அசைன்மென்ட், வழிகாட்டும் ஆசிரியர், நேரில் எழுதும் தேர்வு என்று இயங்கும் ‘என்பிடெல்’ இணையப் பாட முறையில் இதற்கான சட்டகமும் தயாராக இருக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் கணினி அறையையும் நூலகத்தையும் திறந்து வைத்தால் வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு இடம் கிடைக்கும். கேள்விகளைத் தமிழில் எழுதலாம் என்று சொன்னால் வாய்திறக்கத் தயங்கும் பாதி வகுப்பு எழுதத் தொடங்கும்.

ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர், குறிப்பாகக் கௌரவ விரிவுரையாளர், இதையும் சுமக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். எழ வேண்டும். வாராந்திர வழிகாட்டலைப் பாடவேளையாகக் கணக்கிட்டு, அதற்குரிய ஊதியமும் தர வேண்டும். ஆசிரியரின் இலவச உழைப்பை நம்பி நிற்கும் எந்தத் திட்டமும் ஓராண்டுக்கு மேல் ஓடாது. மடிக்கணினிக்கு ஒதுக்கும் தொகையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறியதுதான். கொடுத்த கருவி பயன்படுமா, தூசி படியுமா என்பதை இந்தச் சிறிய செலவே தீர்மானிக்கும்.

மாணவர் தயாரா என்று அளக்கும் வினாத்தாள்கள் கல்லூரிகளில் பெருகி வருகின்றன. அவற்றின் கடைசிப் பக்கத்தில் கல்லூரியும் சில கேள்விகளுக்கு விடை எழுதட்டும். இந்த மாணவருக்குத் தானே படிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவர் திணறும் வாரத்தில் அதைக் கவனிப்பவர் யார்? அவர் உட்கார்ந்து படிக்க இடம் எங்கே? இவற்றுக்குப் பெயரும் நேரமும் இடமும் குறித்து விடை எழுத முடிகிற கல்லூரியில் மாணவர் ஈடுபாடு தானாகத் தெரியவரும். எழுத முடியாத கல்லூரி, மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் தன் மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.